குருவி சார் வீட்டுக் குருவிகள்

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் மர மைனா. "உங்கப்பா எங்கப்பாவுக்குக் கொடுத்தது, இன்னும் பத்திரமா வச்சிருக்கோம்" என்று எழுதியிருந்தாள். அதன் கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாகக் கைகூப்பினீர்கள். "குருவி சார் மாதிரி வராது" என்று ஒருவர் எழுதினார். நானும் வழக்கம்போல நன்றி என்று போட்டுவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்தேன்.

தேய்க்கும்போதுதான் சலிப்பு வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த நன்றியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அம்மாவும் போன தவக்காலத்தில் போய்விட்டாள். இனி இதை மூடி வைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? உங்களுக்கும் எனக்கும் ஐம்பது நெருங்குகிறது. சொல்லிவிடுகிறேன். அந்த மைனாவை அப்பா செய்யவில்லை. எந்தக் குருவியையும் அப்பா செய்யவில்லை. எல்லாம் அம்மா செய்தவை.

நாம் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அது. எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டுக்குள் மூன்றாவதாக இருந்தது. உங்களில் சிலர் வந்திருக்கிறீர்கள். வாசலில் நின்றாலே பக்கத்துப் பூட்டுப் பட்டறையில் அரம் போடும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். அப்பா தொடக்கப்பள்ளி வாத்தியார். பிள்ளைகளை அடிக்கமாட்டார், அதிகம் பேசவும் மாட்டார். அவரிடம் இருந்த ஒரே சொத்து அவருடைய கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் எழுத வேண்டுமானாலும், கோயிலில் பூசை நேரத்தைப் பலகையில் எழுத வேண்டுமானாலும், எங்கள் தெருவில் யாராவது மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதையாகக் கடிதம் போட வேண்டுமானாலும் அப்பாவிடம்தான் வருவார்கள். சாக்பீஸைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து அவர் 'ழ' போடுவதை நான் வாய் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனால் எழுதி முடித்ததும் எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டுப் போவார்களே ஒழிய, எழுதியவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அம்மா சாணார்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி. எட்டாவது வரை படித்தவள். அம்மாவின் தம்பி, என் மாமா, ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினார். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் உடைந்துபோன தக்காளிப் பெட்டிகளை அடுப்பெரிக்கவென்று எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். அந்தப் பெட்டிகளின் நாலு மூலையிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டை வைத்து ஆணி அடித்திருக்கும். பலகை மெலிசு, சடசடவென்று எரிந்துவிடும். மூலைக் கட்டை நின்று எரியும். ஆடி மாதம் ஒரு நாள் அம்மா பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தவள், ஒரு மூலைக் கட்டையை மட்டும் அடுப்பில் வைக்காமல் ஒதுக்கினாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன். கட்டைக்கு ஒரு பக்கம் கழுத்து வந்திருந்தது. அதற்கடுத்த நாள் அலகு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சோறு வடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். சாயங்காலம் தண்ணீர்க்குடத்துக்குப் பக்கத்தில் ஒரு தவிட்டுக்குருவி உட்கார்ந்திருந்தது.

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவள் வீட்டில் தச்சரும் கிடையாது, கொத்தரும் கிடையாது. முதலில் காய் நறுக்கும் கத்தியும் அப்பா சவரம் செய்து போட்ட பிளேடும்தான் அவளுக்கு ஆயுதம். பிறகு பூட்டுப் பட்டறைக்காரரிடம் தேய்ந்துபோன அரங்களைக் கேட்டு வாங்கினாள். எதற்கென்று கேட்காமலே அவர் முனையைத் தட்டிச் சாணை பிடித்துச் சின்னச் சின்ன உளிகளாக ஆக்கிக் கொடுத்தார். கண் வைக்க, கொண்டை ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ஒரு குத்து. கருகிய மரமும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசனை இப்போதும் எனக்கு எங்கிருந்தோ வரும். நிறத்துக்கு மஞ்சள், காபி டிகாக்‌ஷன், துணிக்குப் போடும் சொட்டு நீலம், சட்டியின் அடியில் சுரண்டிய கரி. மீன்கொத்தி ஒன்று செய்தாள். அதன் முதுகுக்கு நீலம் போதாமல் அப்பாவின் மைக்கூட்டிலிருந்து நாலு சொட்டு எடுத்தாள். நான் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

இத்தனைக்கும் நான் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, காலடியில் சீவல் குவிய அவள் செதுக்குவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எனக்கு அது அவள் புளி கரைப்பது போல, துணி துவைப்பது போல இன்னொரு வேலை. அப்பாவும் தடுத்ததில்லை. "கைய வெட்டிக்காத" என்பார். செய்து முடித்ததை எடுத்து ரேடியோவுக்கு மேல் இருந்த பலகையில் வரிசையாக வைப்பார். ஐப்பசி வருவதற்குள் பதினாறு குருவி சேர்ந்துவிட்டது.

அந்த ஐப்பசி மழையில்தான் அப்பா பள்ளியின் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். ஏதோ ஒரு பதிவேட்டில் பெயர்கள் எழுத வேண்டியிருந்தது, நனையாமல் தானே கொண்டுவந்தார். அம்மா உள்ளே காபி போட்டாள். நான் தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினேன். தலைமையாசிரியர் தம்ளரை வாங்காமல் ரேடியோவுக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இதெல்லாம் எங்க வாங்குனீங்க?"

"வாங்கலைங்க சார். வீட்ல செஞ்சது."

"யாரு, நீங்களா?"

அப்பா பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்காது. என்னைப் பார்த்தார். உள்ளே போகும் கதவைப் பார்த்தார். "ஆமாங்க சார். சும்மா, லீவு நாள்ல" என்றார்.

தலைமையாசிரியர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு வருஷமா கூடவே இருக்கீங்க, சொல்லவே இல்லையே சார்" என்றார். அப்பாவை யாரும் அதுவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அப்பாவின் காதுமடல் சிவந்துவிட்டது. என் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

அவர் போனதும் அப்பா அடுப்படி வாசலில் போய் நின்றார். "உன் பேரச் சொன்னா நாளைக்கு வாரவன் போறவன் எல்லாம் வீட்டுக்குள்ள வந்து நிப்பான். அதான்" என்றார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சீனி போதுமான்னு கேட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அவர்கள் அதற்குமேல் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் சொன்னது எப்படியோ நம் பள்ளிக்கும் வந்துவிட்டது. "உங்கப்பாவா செய்றாரு?" என்று நீங்கள் கேட்டீர்கள். ஆமாம் என்றேன். எப்படிச் செய்வார் என்று கேட்டீர்கள். அம்மா செய்வதை அப்படியே அப்பாமேல் ஏற்றிச் சொன்னேன். கொண்டை ஊசி என்று சொல்லாமல் கம்பி என்று மட்டும் மாற்றினேன். எண்ணெய்ப் பலகாரம் வாங்கிக் கொடுத்துக்கூடக் கேட்டீர்கள். அம்மாவைப் பற்றிச் சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் சுற்றி நின்றிருப்பீர்களா, தெரியவில்லை. குருவி சார் என்ற பெயர் அந்தக் கார்த்திகையிலேயே நிலைத்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு, கோயில் குடிலில் வைக்கக் கழுதையும் நாலு ஆடும் வேண்டும் என்று கேட்டு ஆள் வந்தது. பழையவற்றின் காதும் காலும் உடைந்துவிட்டனவாம். அம்மா பதினைந்து நாளில் செய்துகொடுத்தாள். கழுதையின் ஒரு காது முன்பக்கமும் ஒரு காது பின்பக்கமும் மடங்கியிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், சிரித்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். பூசையில் சாமியார் அப்பாவின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். நான் பெண்கள் பக்கம் அம்மாவுக்கு அருகில் பாயில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தேன். தலையில் முக்காடு. கீழே குனிந்து, நகத்தோரம் ஒட்டிக் காய்ந்திருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா கெட்டவர் இல்லை. அதையும் சொல்லவேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், அவர் பின்படியில் உட்கார்ந்து தானே ஒரு கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். ஒரு மணி நேரம் போராடினார். கடைசியில் அவர் கையில் இருந்தது ஒரு கரண்டியின் காம்பு போல இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்புக்குள் போட்டார். சீவலைக் கூட்டி அள்ளினார். அம்மா வந்தபோது மேசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

பொங்கல் முடிந்ததும் ஊரில் பொருட்காட்சி போட்டார்கள். ராட்டினம், டெல்லி அப்பளம், மரணக்கிணறு எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கைவினைப் பொருள்களுக்கென்று ஒரு நீளக் கொட்டகை. தலைமையாசிரியரே யாரிடமோ சொல்லி அப்பாவுக்கு அதில் ஒரு மேசை வாங்கிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா அங்கே போய் உட்காருவார். நானும் போவேன். அம்மா இருட்டுவதற்குள் டிபன் கேரியரோடு வந்து, நாங்கள் சாப்பிட்டதும் என்னை அழைத்துக்கொண்டு திரும்புவாள்.

பக்கத்து மேசையில் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை எடை போடுகிறவர். அறுபது வயதிருக்கும். அவரும் யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் தானாகவே மரத்தில் ஆட்களைச் செதுக்குகிறவர். மூட்டை தூக்குகிறவன், வெங்காயம் தரம் பிரிக்கிற பெண், லாரி டயரில் சாய்ந்து தூங்குகிற கிளீனர். எல்லாரும் ஒரு சாண் உயரம்தான், ஆனால் எல்லாருடைய முதுகும் வலிப்பது நமக்குத் தெரியும். அவர் மேசையில் கூட்டமே நிற்காது. "சாமி பொம்மை ஏதும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். "இல்லீங்க" என்பார் அவர், வருத்தமும் இல்லாமல்.

முதல் நாளே அவர் அப்பாவின் மேசைக்கு வந்து ஒரு கரிச்சான் குருவியைத் தூக்கிப் பார்த்தார். "இது நம்ம மார்க்கெட்டுப் பெட்டிக் கட்டைங்களே. நானும் இதுலதானுங்க செய்யறேன்" என்றார். வாலைத் தடவினார். "வால்கிட்ட நார் குறுக்க ஓடுது. ஒடையாம எப்படிங்க எடுத்தீங்க?"

அப்பா ஏதோ சொன்னார். மெதுவாகச் செய்தால் வரும் என்றோ என்னவோ. எடைக்காரர் தலையாட்டினார். அவர் கண் அப்பாவின் விரல்களில் நின்றதை நான் கவனித்தேன். சாக்பீஸ் படிந்த சுத்தமான விரல்கள். அந்த நேரத்தில்தான் அம்மா கேரியரோடு வந்தாள். அவள் இடது கட்டைவிரலில் கந்தல் சுற்றியிருந்தது, ஆள்காட்டி விரலில் பழைய வெட்டுகள். எடைக்காரர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கரிச்சானை வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். அன்று முதல் அம்மா வரும்போதெல்லாம் அவர் எழுந்து நின்று "வாங்க அம்மிணி" என்பார். வேறு யாருக்கும் அவர் எழுந்து நான் பார்க்கவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள். பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று கொட்டகையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கியிருந்தார்கள். சாயங்கால வெயில் துணிக்கூரை வழியாக மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. நம் வகுப்பில் நாலைந்து பேர்கூட வந்திருந்தீர்கள். அதிகாரி மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்து அப்பாவின் குருவிகளிடம் நின்றுவிட்டார். எவ்வளவு நாள் ஆகும், என்ன மரம் என்றெல்லாம் கேட்டார். அப்பா நன்றாகத்தான் பதில் சொன்னார். அதோடு அவர் நகர்ந்திருப்பார். அவர் குனிந்து என் கன்னத்தைத் தட்டி, "அப்பா செய்றதைப் பாத்திருக்கியா பாப்பா?" என்று கேட்டார்.

"தினமும் பாப்பேன் சார்" என்றேன். நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "வேணும்னா இப்பவே செஞ்சு காட்டுவாரு. அரை மணி நேரம் போதும்."

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் யோசித்துவிட்டேன். பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டிருந்தது.

அதிகாரி சிரித்தார். கூட வந்தவர்கள் நாற்காலி கொண்டுவந்தார்கள். யாரோ எடைக்காரரிடமிருந்து ஒரு கட்டையும் உளியும் வாங்கி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்கள். எடைக்காரர், "சாருக்கு இன்னைக்கு உடம்பு செரியில்லீங்க, பாவம். நான் செஞ்சு காட்டறனுங்க" என்றார். யார் காதிலும் அது ஏறவில்லை.

அம்மா அப்போதுதான் கேரியரோடு கூட்டத்தின் பின்னால் வந்து நின்றிருந்தாள். அப்பா தலையைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்குள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, விறுவிறுவென்று கொட்டகைக்கு வெளியே நடந்துவிட்டாள். நான் திமிறினேன். விடவில்லை. ராட்டினம் சுற்றுகிற இடத்தில் போய் நின்றோம். மைக்கில் காணாமல் போன ஒரு குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் உள்ளங்கை வியர்த்து என் மணிக்கட்டு நழுவியது.

கொஞ்ச நேரத்தில் கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டது. அப்பாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கையில் சுற்றியிருந்த துண்டு முழுக்கச் சிவந்திருந்தது. பின்னால் எடைக்காரர் ஓடிவந்தார். "உளி வழுக்கிருச்சுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வலது உள்ளங்கையில் குறுக்காக ஆழமான வெட்டு. காயம் ஆறிவிடும், ஆனால் இரண்டு விரலின் நரம்பு அறுந்திருக்கிறது, அவை பழையபடி மடங்குவது சந்தேகம் என்றார்கள். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மறுநாள் பரிசளிப்பு. அப்பாவுக்கு முதல் பரிசு. தலைமையாசிரியர் கேடயத்தையும் சால்வையையும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். "கலைக்காகக் கையையே குடுத்திருக்கீங்க சார்" என்று சொல்லிக் கண் கலங்கினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, அப்பா கட்டு மாற்றப் போயிருந்த ஒரு காலையில், எடைக்காரர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே பாயில் காய்ச்சலோடு படுத்திருந்தேன், தூங்குவதாக நினைத்துவிட்டார்கள்.

"சொல்லலாமோ கூடாதோ தெரியலீங்க அம்மிணி. மனசு கேக்கல" என்றார். "கட்டைய இடக் கையில புடிச்சு, உளிய வலக் கையில வெச்சுச் செதுக்குறவனுக்கு வழுக்குனா இடக் கையிலதானுங்க வெட்டு விழுகோணும். சாருக்கு வலக் கையில விழுந்திருக்குதுங்களே. நான் பக்கத்துலயே நின்னனுங்க. உளிய இடக் கைக்கு மாத்துனாரு. மாத்திட்டுச் செத்த நேரம் கண்ண மூடுனாரு."

 "தையல் போடுறப்பவே தெரியும்" என்றாள் அம்மா.

"நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டனுங்க. நீங்க செய்யறத மட்டும் நிறுத்திப்போடாதீங்க. அந்தக் கரிச்சான் வாலு எனக்கு இந்தப் பொறவியில வராதுங்க."

"எப்படிங்க செய்ய?" என்றாள் அம்மா. "அவரு கை கட்டுப்போட்டுக்கெடக்கு. இனிமே இந்த வீட்ல இருந்து குருவி வந்தா, யாரு செஞ்சதுன்னு கேப்பாங்கள்ல?"

எடைக்காரர் முருங்கைக்காயை வாசற்படியில் வைத்துவிட்டு, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா உளிகளை ஒரு துணியில் சுற்றிப் பூட்டுப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். மாமா கொண்டுவந்து போட்ட பெட்டிகளின் மூலைக் கட்டை எல்லாம் அதற்குப் பிறகு அடுப்புக்குத்தான் போயிற்று. ரேடியோ மேலிருந்த குருவிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றாகக் கொடுக்கும்போது அவருக்கு ஏதோ பாரம் இறங்குவது போல இருக்கும். அந்தப் படத்தில் இருந்த மைனாவும் அப்படிப் போனதுதான். வைகாசிக்குள் பலகை காலி.

அப்பா மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போனார். சாக்பீஸை வலது கையில் பிடிக்க முடியவில்லை, இடது கையால் எழுதப் பழகினார். எழுத்து முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து போல மேலும் கீழுமாகப் போகும். கோயில் பலகைக்கு வேறு ஆள் வந்தார். கடிதம் எழுதச் சொல்லித் தெருவில் யாரும் கேட்கவில்லை, அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். தனக்குத் தெரியாத ஒன்றின் பேரைக் காப்பாற்ற, தெரிந்த ஒன்றை அவர் அறுத்துப் போட்டுவிட்டார். இது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. கூட்டத்தில் அவரை விட்டுவிட்டுப் போன அம்மாமேல்தான் எனக்குக் கோபம் இருந்தது. அவள் நின்றிருந்தால் ஏதாவது செய்து காப்பாற்றியிருப்பாள் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடேயே படித்து முடித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமும் பண்ணிக்கொண்டேன்.

அப்பா ஓய்வு பெற்று இரண்டாம் வருஷம் மாரடைப்பில் போனார். சாவுக்கு நீங்கள் நிறையப் பேர் வந்தீர்கள். நாற்பதாம் நாள் கழிந்து கல்லறைக்கு மேல் வைக்கப் பளிங்குக் கல் சொல்லப் போனோம். நான், அம்மா, கோயில் சபையிலிருந்து ஒரு பெரியவர். கல் வெட்டுகிறவர் பேரும் தேதியும் எழுதிக்கொண்டு, கீழே என்ன போடவேண்டும் என்று கேட்டார்.

"மரச் சிற்பின்னு போடணும்" என்றார் சபைப் பெரியவர். "ஊருக்கே தெரியும். பக்கத்துல ஒரு குருவியும் வெட்டிருங்க."

"வேண்டாம்" என்றாள் அம்மா. "ஆசிரியர்னு போடுங்க."

"இல்லத்தா, அவருக்கு அதுதான பெருமை..."

"ஆசிரியர். அம்புட்டுதான்" என்றாள். "எழுத்த மட்டும் பாத்து நல்லா வெட்டுங்கய்யா. கோணலாப் போயிரக்கூடாது."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உடை மாற்றிவிட்டுச் சமையலுக்கு உட்கார்ந்தாள். பருப்பு அடுப்பில் இருந்தது. அவள் புடலங்காய் நறுக்கினாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷமாக வாய் வரை வந்து நின்றதை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஏம்மா அவரை விட்டுட்டு வெளிய வந்த?"

"நான் நின்னா அவரு என் முகத்தப் பாத்துக்கிட்டே பொய் சொல்லணும். போயிட்டா உண்மையச் சொல்லிருவாருன்னு நெனச்சேன்." கத்தி நிற்கவில்லை. "தப்பா நெனச்சுப்புட்டேன்."

"அதுக்கப்புறமாவது நீ சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட?"

"என்கிட்டயாவது."

"உனக்குத்தான் தெரியுமே. பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"நீ செஞ்சதப் பாத்தேன். ஏன் செஞ்ச, எதை நெனச்சு ஆரம்பிச்ச, விட்டப்ப உனக்கு எப்படி இருந்துச்சு, இதெல்லாம் நீ ஒருநாளும் சொல்லலையேம்மா."

"நீ கேட்டியா?" என்றாள்.

அதில் கோபம் எதுவும் இல்லை. தண்ணீர் பிடித்து வைத்தாயா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.  அப்பா கேட்கவில்லை, தலைமையாசிரியர் கேட்கவில்லை, சாமியார் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வாலை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார், அதையும் அப்பாவிடம் கேட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

"இப்பக் கேக்குறேன்மா" என்றேன்.

அம்மா கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். புருவம் சுருங்கியது. வலது கை மடியில் கிடந்தபடியே ஏதோ ஒன்றைப் பிடித்துத் திருப்புவது போல ஒரு தடவை அசைந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"ஞாபகம் இல்லத்தா" என்றாள். "அம்புட்டும் போயிருச்சு."

 அடுப்பிலிருந்து வாசனை வந்தது.

"பருப்பு அடிப்பிடிக்குது பாரு" என்றாள் அம்மா. "எந்திரிச்சுப் போயி இறக்கு."

நான் எழுந்துபோய் இறக்கினேன்.